கொட்டாத தேளும் பூட்டுப் போடும் பூவும்

கார்த்திகை மாசத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி. காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ஒரு இட்டேரி. அதன் நட்டநடுவில், மழை விட்டு ரெண்டு நாள்கூட ஆகாத ஈர மண்ணில், ஆபீசுக்குப் போடும் பேண்ட்டோடு நான் குப்புறப் படுத்திருக்கிறேன். மூக்குக்கு முன்னால் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு பூ. பின்னால் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருத்தர் நின்றுவிட்டார்.

"ஏனுங், ஏதாச்சும் தொலைச்சுப்போட்டீங்களா?"

"இல்லீங்க, கண்டுபுடிச்சுட்டேனுங்க!"

நான் கத்தின கத்தலில் முன்னால் வந்த வெள்ளாடு ரெண்டெட்டு பின்னால் போனது. பெரியவர் என்னையும் பூவையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், அவர் என்ன நினைத்திருப்பாரோ. நான் அதெல்லாம் உறைக்கிற நிலைமையில் இல்லை.

நான் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? சிரிக்கக் கூடாது. மூக்குத்திப்பூ. அதேதான், கிணற்றடிப் பூண்டு, வெட்டுக்காயத் தழை, தாத்தாப்பூ என்று ஊருக்கு ஒரு பெயரோடு ரோட்டோரத்திலும் பள்ளிக்கூட மைதானத்திலும் வீடு கட்டாத மனையிலும் நீளக் காம்பில் ஒற்றையாய் நிற்குமே, அது. சின்ன வயசில் அந்தக் காம்பை வளைத்துச் சுண்டி எத்தனை ஆயிரம் தாத்தாக்களின் தலையைப் பறக்கவிட்டிருப்பேன்! அந்தப் பூவின் ஓரத்து இதழ் ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல் இருக்கிறது என்பது, 42 வயசில், அடிவயிற்றில் ஈரம் ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குத் தெரிகிறது. மூன்று பல்! தையல்காரர் கத்தரிக்கோலால் சின்னச் சின்னதாக வெட்டிவிட்ட மாதிரி. ஐந்து இதழ், இதழுக்கு மூன்று பல், நடுவில் மஞ்சள் குமிழ். நீங்களும் போய்ப் பாருங்கள், இப்போதே, இந்தப் பக்கத்தை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு. உங்கள் தெருவில் இருக்கும். நான் உத்தரவாதம்.

இதற்கெல்லாம் காரணம் எங்கள் அம்மாயி. அம்மாவைப் பெற்றவள். எண்பதைத் தாண்டிவிட்டாள், கண் மட்டும் இன்னும் கழுகு. முந்தின நாள் பொழுதோட சொந்தபந்தம் எல்லாம் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், கூடியிருந்தோம். மழை ஓய்ந்து கரண்ட் போய்விட்டது. பிள்ளைகள் எல்லாரும் போனை நோண்ட, போனில் சார்ஜ் குறையக் குறைய ஒவ்வொரு முகமாக வாடிப்போய்க்கொண்டிருந்தது. அம்மாயி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே யாரிடமும் இல்லாமல் சொன்னாள்:

"தாத்தனுக்குத் தலை ஒண்ணு, தட்டிவிட்டாப் பறந்துபோகும். ஆத்தாளுக்கு மூக்குத்தி, அஞ்சு கல்லுக்கும் மூணு பல்லு. ரெண்டு பேரும் ஒரே ஆளு. யாரு?"

தாத்தன் தலை என்றதுமே எனக்குப் பொறி தட்டிவிட்டது. "தாத்தாப்பூ!" என்று கையைத் தூக்கினேன், வகுப்பில் தூக்குகிற மாதிரி. அம்மாயி அசையவில்லை. "மூணு பல்லு எங்க இருக்குதுன்னு பாத்திருக்கியா?" இல்லை. "பாக்காதயே சொன்னா அது வெடையில்ல கண்ணு. காலையில இட்டேரிக்குப் போயிப் பாத்துப்போட்டு வா."

அப்போதே சட்டமும் போட்டுவிட்டாள். விடுகதைக்கு விடை இட்டேரிக்குள்தான் இருக்கும். போய்ப் பார்க்கலாம், மோந்து பார்க்கலாம், படுத்துப் பார்க்கலாம். வாயில் வைக்கக் கூடாது. பறிக்கவே கூடாது. பறித்து வந்து காட்டினால் விடை சரியாக இருந்தாலும் தோல்விதான், ஆட்டுப்பட்டி கூட்ட வேண்டும். விடையை நாக்கில்தான் கொண்டு வரணும்: இலை எப்படி, காம்பு எப்படி, யார் வந்து தேன் குடிக்கிறார்கள், எல்லாம். கேள்வி கேட்பாள். முழித்தால் திரும்பப் போகணும்.

இட்டேரி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கொங்கு நாட்டில் ரெண்டு காட்டுக்கு நடுவில் போகும் வண்டிப்பாதை. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, ஆள் உயரத்துக்கு மேல். வேலிக்கு அந்தப் பக்கம் கொரங்காடு, அதாவது மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்றே விட்ட மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல்லும் ஆங்காங்கே வெள்வேல மரமும். காங்கேயம் காளை வளர்ந்ததே அந்தப் புல்லில்தான். உழவு படாத, மருந்து படாத, யாரும் கவனிக்காத அந்த வேலியோரம் இருக்கிறதே, ஐயோ, அதுதான் எங்கள் ஊரின் பூக்கடை! மழை முடிந்த ஐப்பசி, கார்த்திகையில் வந்து பாருங்கள். பத்தடி நடக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. என் மனைவி போன் பண்ணி "டீ ஆறுது" என்றாள், "வேலியில நீலமா ஒண்ணு" என்றேன், வைத்துவிட்டாள்.

முந்தின நாள் சாயங்காலம் அம்மாயி போட்டது மொத்தம் ஐந்து கதை. எருக்கை மட்டும் என் அக்கா மகள் உட்கார்ந்த இடத்திலேயே அவிழ்த்துவிட்டாள் (தலையில் கிரீடம், உடம்பெல்லாம் பால், கோயிலில் பிள்ளையாருக்கு மாலை என்றால் வேறு யார்?), பதினொரு வயசுப் பொடிசு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. மீதி நாலும் என் பங்கு.

என் பங்கில் ரெண்டாவது இது:

"வாலைச் சுருட்டி நிக்கிறான், கொட்டத்தான் தெரியாது. பூத்த வாலு நிமிந்துக்கும், பூக்காத வாலு சுருண்டுக்கும். தண்ணியிருக்கற பக்கந்தான் தங்குவான்."

தண்ணீர் என்றதும் குட்டைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓட்டம், செருப்பு ஒன்று சேற்றில் நின்றுவிட்டது, அதை எடுக்கக்கூடத் திரும்பவில்லை. குட்டைக்கரையில் முழங்கால் உயரத்துக்கு, சுருக்கம் விழுந்த அகல இலையோடு ஒரு செடிக்கூட்டம். தினம் பார்க்கிற செடி. பேர்கூட இல்லாமல் என் கண்ணுக்குள் கிடந்த செடி. குனிந்தேன். பாருங்கள், இப்படிக் கற்பனை செய்யுங்கள்: ஒரு பச்சைத் தேள் தன் கொடுக்கைத் தூக்கி, நுனியை உள்பக்கமாகச் சுருட்டி வைத்திருக்கிறது. அந்த வாலின் முதுகில் ரெண்டு வரிசையாக வெள்ளைப் பூ, ஒவ்வொன்றும் வெள்ளெள்ளு அளவு. பூத்து முடிந்த அடிப்பக்கம் ஸ்கேல் வைத்த மாதிரி நிமிர்ந்திருக்கிறது. இன்னும் பூக்காத மொட்டெல்லாம் நுனிச் சுருளுக்குள் படுத்திருக்கிறது. நாளுக்கு நாள் சுருள் அவிழ அவிழ மொட்டு மலரும். தேள்கொடுக்கு! பெயர் தானாக வாயில் வந்தது. எங்கேயோ எப்போதோ காதில் விழுந்த பெயர், இத்தனை வருஷமாக உடம்பில்லாமல் அலைந்துகொண்டிருந்தது, அந்த நிமிஷம் வந்து அந்த வாலில் உட்கார்ந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்றால் நம்புவீர்களா? ஒரு களைச்செடிக்கு! சுற்றுமுற்றும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கைதட்டினேன்.

அதோடு முடியவில்லை. வாடிக் காய்ந்துகொண்டிருந்த ஒரு கிளையில் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி நாலைந்து. பூவில் இல்லை, வாடின இலையில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தன. வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அந்த இனத்தில் ஆண்கள்தான் இப்படி வரும், தேள்கொடுக்கில் இருக்கும் ஒரு காரமான நச்சுச் சத்தை உறிஞ்சிக்கொண்டு போய் அதைப் பெண்ணை மயக்கும் வாசனையாக மாற்றிக்கொள்ளுமாம். கல்யாணத்துக்கு முன்னால் அத்தர் பூசப் போன மாப்பிள்ளைகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன்!

இதை அம்மாயியிடம் சொன்னதும் "அது தெரியாதா, அந்தப் பூச்சி வராத தேள்கொடுக்கு ஏது" என்றாள். கடுப்பாகத்தான் இருந்தது.

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன், ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த விடுகதைச் சமாசாரம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. செய்யுளியலில் அதற்குப் பெயர் பிசி. ரெண்டு வகை என்கிறார் தொல்காப்பியர். ஒன்று, ஒப்புமை சொல்லி மறைப்பது. தேளும் வாலும் மாதிரி. இன்னொன்று, பொருளிடம் இருப்பதையே சொல்லி, அதிலிருந்து இன்னதுதான் என்று துணிய வைப்பது. இதழுக்கு மூணு பல்லு, தண்ணிப் பக்கம் தங்குவான் என்கிற மாதிரி. எங்கள் அம்மாயி கைநாட்டு. ஆனால் அவள் போட்ட கதை ஒவ்வொன்றிலும் இந்த ரெண்டும் ஜடை பின்னின மாதிரி கலந்திருக்கிறது. முதலில் உவமையால் ஆளைக் கிறங்கடிப்பாள், அப்புறம் ஒரே ஒரு நிஜ அடையாளத்தை ஆணி மாதிரி அடிப்பாள். அந்த ஆணி இல்லாவிட்டால் கதை நிற்காது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஏனென்றால் கிறுக்கு தலைக்கேறி நானும் ஒரு கதை கட்டினேன். ஆவாரைக்கு. மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்ததும் பெருமையாக எடுத்துவிட்டேன்: "மஞ்சளாப் பூக்கும், மருந்தாகும், மழையில்லாட்டியும் நிக்கும், யாரு?" அம்மாயி ரசத்தைக் கையில் ஏந்திக்கொண்டே, "கொன்னை மஞ்சள்தான். நெருஞ்சி மஞ்சள்தான். ரெண்டும் மருந்துதான். ரெண்டும் நிக்கும். எதைச் சொல்ற?" என்றாள். பந்தியே சிரித்தது. அக்கா மகளுக்குப் புரையேறிவிட்டது. "அது மட்டும் பண்ற வேலை என்னன்னு பாரு சாமி. எல்லாரும் பண்றதைச் சொன்னா அது கதையா?" நெருஞ்சி என்றால் காலையில் வெயில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி நிற்கும், நாலு நாள் கழித்து அதே இடத்தில் முள்ளாகக் கிடக்கும். முடக்கத்தான் என்றால் காற்றடைத்த மூன்று அறை வீடு, அறைக்கு ஒரு கறுப்பு மணி, மணியின் மேல் சுண்ணாம்பால் வரைந்த மாதிரி வெள்ளை நெஞ்சு. "வேற எவனாச்சும் அப்புடி இருக்கறானா?" கிடையாது. அவ்வளவுதான், அதுதான் அடையாளம்.

அடையாளம் பிடிக்கும் இந்த வித்தை புத்தகத்திலும் உண்டு. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்தை உருவாக்கிய பாதிரியார் கே.எம். மேத்யூ தமிழகத் தாவரங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியிருக்கிறார், அதற்கு முன்னால் 1915 தொடங்கி 1936 வரை பகுதி பகுதியாக வந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல் உண்டு. தாவரவியல் படித்த சிநேகிதன் ஒருத்தன் இந்த மாதிரி நூலில் எப்படிச் செடியைக் கண்டுபிடிப்பது என்று முன்பு காட்டியிருக்கிறான். இலை எதிரெதிராகவா, மாறி மாறியா? எதிரெதிர் என்றால் அடுத்த கேள்விக்குப் போ. பூ ஒற்றையா, கொத்தா? இப்படி ரெண்டு ரெண்டாகப் பிரித்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரே ஒரு பெயரில் முட்டுவது. அன்றைக்கு எனக்குக் கொட்டாவி வந்தது. அம்மாயி பண்ணுவதும் அதேதான், ஆனால் இவள் கேள்வியில் தேள் வருகிறது, தாத்தன் தலை பறக்கிறது! இதை அந்தச் சிநேகிதனுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் சொன்னேன். அவன் மீட்டிங்கில் இருந்தானாம். இருக்கட்டும்.

போனில் படம் பிடித்தால் பெயர் வந்துவிடுமே என்று தம்பி ஒருத்தன் சொன்னான். வரும்தான். தேள்கொடுக்குக்கு மூன்று பெயர் காட்டியது. மூன்றும் இப்போது எனக்கு ஞாபகம் இல்லை. வால் ஞாபகம் இருக்கிறது.

பெயர் மனப்பாடம் பண்ணுவதில் நான் சாதாரண ஆளில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் ஒப்புவித்தல் போட்டிக்காகக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூவையும் மூச்சுவிடாமல் சொல்லி, சோப்பு டப்பா பரிசு வாங்கினவன். 99 பெயர் தெரியும், அதில் ஒன்பது பூவைக் காட்டச் சொன்னால் தெரியாது. பத்துப்பாட்டை 1889இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையருக்கு நேர்மாறான சங்கடம். அவருக்குக் கிடைத்த ஏடுகளில் குறிஞ்சிப்பாட்டின் சில பூப்பெயர்களே விட்டுப்போயிருந்தன. கடைசியில் தருமபுர மடத்து ஏட்டில் அவற்றைக் கண்டு துள்ளியிருக்கிறார், அந்தக் கதையை ‘உதிர்ந்த மலர்கள்’ என்று பிற்பாடு எழுதவும் செய்தார். அவர் பெயரைத் தேடி அலைந்தார். என்னிடம் பெயர் கொட்டிக்கிடக்கிறது, பூவைத் தேடி இட்டேரியில் உருண்டுகொண்டிருக்கிறேன். அந்த 99இல் முதல் பூ எது? செங்காந்தள். மூன்றாவது கதைக்கு வந்துவிட்டோம். பிடித்துக்கொள்ளுங்கள்.

"பொறக்கையில பச்சை, பூப்படைஞ்சா மஞ்சள், புருசன் வந்தாச் செவப்பு. தலைகீழாத் தொங்குறா, தாவணி மட்டும் மேல பறக்குது. இலை நுனியில கையி, மண்ணுக்குள்ள கலப்பை. ஒரு கழுத்து மட்டும் ஒடிஞ்சு ஒதுங்கி நிக்குது."

செங்காந்தள் என்று பாதிக் கதையிலேயே தெரிந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். தமிழ்நாட்டின் மாநிலப் பூ, படத்தில் எத்தனை தடவை பார்த்திருப்போம். மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று கம்பிப் பந்தல் போட்டு ஏக்கர் ஏக்கராக வளர்க்கிறார்கள், விதைக்காக, அதில் எடுக்கும் கோல்சிசின் மருந்துக்குப் போகிறது, பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததும் உண்டு. ஆனால் கழுத்து ஒடிந்து ஒதுங்கி நிற்பது என்ன? அது தெரியாமல் போனால் அம்மாயி விடமாட்டாள். அதனால் காட்டுப் பூவாக, வேலியில் நிற்பதைத் தேடிப் போனேன்.

இப்போது என்னோடு வாருங்கள், பக்கத்திலேயே வாருங்கள். பத்தரை மணி வெயில், அதிகம் சுடாத கார்த்திகை வெயில். கிளுவை வேலி முழுக்கப் பச்சை, புதுத் தழை, ஒரு இலையைக் கசக்கினால் மாங்காய் நறுக்கின மாதிரி ஒரு வாசனை. எங்கேயோ ஒரு செம்போத்து ‘பூக் பூக்’ என்கிறது. நான் வலது பக்க வேலியையே பார்த்துக்கொண்டு நடக்கிறேன், ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, பிரண்டை, கோவைப்பழம், ஒரு பழைய பனியன் துணி, ஒன்றும் இல்லை, திரும்பிவிடலாமா என்று நினைத்து இடது பக்கம் தலையைத் திருப்பினால், அடேயப்பா, வேலி தீப்பிடித்து எரிகிறது! தீதான், சத்தியமாகத் தீதான், ஆறு நாக்கு மேலே நெளிந்து நெளிந்து எழும்புகிறது, அடியில் மஞ்சள், நுனியில் ரத்தச் சிவப்பு, ஓரமெல்லாம் புடவைக் கொசுவம் மாதிரி அலையலையாக, ஒன்றில்லை, ஏழெட்டு, வேலியின் உச்சிவரை ஏறி நிற்கின்றன, ஒவ்வொரு இலையின் நுனியும் நீண்டு சுருண்டு பூனைக்குட்டியின் விரல் மாதிரி பக்கத்துக் கிளுவைக் கிளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதைத்தான் இலை நுனியில் கை என்றிருக்கிறாள், எனக்கு அந்த இடத்தில் கால் ஓடவில்லை. கிட்டே போனேன். கீழ்நோக்கித் தொங்கும் பூ, ஆனால் இதழ் அத்தனையும் பின்பக்கமாக மடிந்து வானத்தைப் பார்க்கிறது. தலைகீழாகத் தொங்கி ஊஞ்சலாடும் பெண்ணின் தாவணி! ஒரே கொடியில் பச்சை மொட்டு, எலுமிச்சை நிறத்தில் இன்றைக்கு விரிந்தது, ஆரஞ்சில் நேற்றையது, முழுச் சிவப்பில் அதற்கு முந்தினது, ஒரு வாரத்துக் காலண்டரை ஒன்றாக மாட்டி வைத்த மாதிரி. கழுத்து! பார்த்துவிட்டேன்! ஆறு மகரந்தக் காம்பும் சக்கரத்தின் ஆரம் மாதிரி நாலாபக்கமும் விரிந்து நிற்க, நடுவில் இருக்கும் சூல்தண்டு மட்டும் அடியிலேயே சடக்கென்று ஒடிந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது, இவர்கள் யார் சங்காத்தமும் வேண்டாம் என்று முறைத்துக்கொண்டு போன மருமகள் மாதிரி. தன் பூவின் மகரந்தம் தன் மேலேயே விழாமல் இருப்பதற்கு. அதனால்தான் மூலனூர்த் தோட்டங்களில் ஆட்கள் காலையில் பூப்பூவாகப் போய்க் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள்! பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர்கள் பூச்சி பொறுக்குகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அந்த வேலிக்கு முன்னால் நின்றபடி எனக்குள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனது, பச்சை, மஞ்சள், சிவப்பு, கை, கலப்பை, கழுத்து, ஒரு வரி பாக்கியில்லாமல் அத்தனையும் அந்தக் கொடியிலேயே இருந்தது, கதை அந்தக் கொடியைப் பார்த்து எழுதப்படவில்லை, கொடிதான் அந்தக் கதையைப் படித்துவிட்டு அதன்படி பூத்திருக்கிறது என்று தோன்றியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சும்மா சொல்லவில்லை, கணக்கு எழுதுகிற ஆள் நான், வருஷக் கடைசியில் டாலி ஆகாத கணக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு டாலி ஆகும்போது வருமே ஒரு சந்தோஷம், அதைப்போல நூறு மடங்கு.

கலப்பையை மட்டும் பார்க்கவில்லை. கிழங்கைத் தோண்டினால் சட்டம் என்ன ஆவது. ஏர்க்கலப்பை மாதிரி வளைந்திருக்குமாம், கலப்பைக்கிழங்கு என்ற பெயரே அதனால்தான். செடி முழுக்க விஷம், வாயில் வைக்கக் கூடாது என்ற சட்டம் எதற்கு என்று அப்போது புரிந்தது.

குறையே இல்லையா என்றால், சரி, இருக்கிறது. முழங்கை ரெண்டிலும் கீறல். சட்டையெல்லாம் நாயுருவி ஒட்டி, அதைப் பிடுங்க ஒரு சாயங்காலம் போனது. ரெண்டாவது கதையில் வரும் சுருண்ட வால் அந்தக் குடும்பத்தில் வேறு செடிக்கும் உண்டு என்று சிநேகிதன் திருப்பிப் போன் போட்டுச் சொன்னான். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

நாலாவது கதைதான் என்னைக் கொன்றது.

"ஆட்டுக்கு ஆகாது, ஈக்கு மட்டும் அழைப்பு. வாசல்ல கூப்புடுவான், உள்ள வந்தாப் பூட்டுவான். தோள்ல பொடியைத் தூவி, வேலை முடிஞ்சா விடுவான்."

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஈயைப் பிடிக்கும் பூ எங்கள் ஊரில் ஏது? சிறுபூனைக்காலியாக இருக்குமோ, அதன் மொட்டைச் சுற்றியிருக்கும் வலையில் பூச்சி ஒட்டிக்கொள்ளும். ஆனால் அது வாசலில் ஒட்டுகிறதே தவிர உள்ளே விட்டுப் பூட்டுவதில்லை. ஊமத்தையா? ஊமத்தைக்கு ஏது பூட்டு. ஞாயிறு மத்தியானம் மூன்று மணி வரைக்கும் தேடினேன். ஆறு மணிக்குத் திருப்பூர் பஸ்.

அப்போதுதான் காலையில் பார்த்த பெரியவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தார். என்னை அடையாளம் தெரிந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நான் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொரங்காட்டு மூலையில், உழுது போட்ட கரிசல் பக்கம், பத்து வெள்ளாடு தலையைக் குனிந்து சகலத்தையும் மேய்கிறது. புல், கொழுஞ்சி, காய்ந்த சருகு, ஒரு சிமெண்ட்டுப் பைக் காகிதம்கூட. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வாயை வைக்க வந்து, மூக்கைச் சுளித்து, விலகிப் போகிறது. ஒவ்வொரு ஆடும். வட்டமாக ஒரு பாத்தி மட்டும் அப்படியே நிற்கிறது.

ஆட்டுக்கு ஆகாது. ஆடு தின்னாது. ஆடுதின்னாப்பாளை! பெயரிலேயே இருக்கிறது! கழுதை, பெயரிலேயே இருக்கிறது!

விழுந்தடித்துப் போனேன். தரையோடு படர்ந்த சாம்பல் பச்சைக் கொடி, சிறுநீரக வடிவில் இலை, கறுப்பு இறகும் சிவப்பு உடம்புமாக ஒரு பெரிய வண்ணத்துப்பூச்சி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது, அதன் புழு இந்தக் கசப்பை மட்டுமே தின்று வளர்ந்து தானும் பறவைக்கு ஆகாததாகிவிடும். இலையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒளிந்திருந்தது பூ. அழகு என்று சொல்ல மாட்டேன். அழுகின கத்தரிக்காய் நிறத்தில் ஒரு நாக்கு, அதற்குக் கீழே குறுகலான குழாய், குழாயின் அடியில் குண்டாக ஒரு அறை. மோந்து பார்த்தேன், வேண்டாம், நீங்கள் மோந்து பார்க்காதீர்கள். நாக்குதான் வாசல். குழாய்தான் நடை. அறைக்குள் என்ன? அறைக்குள் என்ன என்று தெரியாமல் நான் எப்படி அம்மாயி முகத்தில் முழிப்பேன்? யோசிக்கவே இல்லை, கை தானாகப் போனது, சட்டென்று ஒரு பூவைக் கிள்ளிவிட்டேன்.

கட்டைவிரல் நகத்தால் குழாயை நீளவாக்கில் கீறினேன். உள்சுவர் முழுக்க மெல்லிய முடி, எல்லாம் உள்பக்கமாகவே சாய்ந்து. போகலாம், வர முடியாது. அதுதான் பூட்டு. மகரந்தம் உதிர்ந்து முடிந்ததும் அந்த முடி வாடிப்போய்க் கதவு திறந்துகொள்ளும். நான் பிளந்த அறைக்குள் கடுகில் பாதி அளவு ரெண்டு ஈ. உயிரோடு. ஒன்று வெளிச்சத்தைப் பார்த்ததும் தடுமாறிக்கொண்டு வெளியே வந்து என் நகத்தின் மேல் ஏறி நின்றது. அதன் முதுகில் மஞ்சளாகப் பொடி. தோள்ல பொடியைத் தூவி! மூச்சைக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ரெண்டு தடவை காலைத் தேய்த்தது. நகத்தில் ஒரு துளி மஞ்சளை வைத்துவிட்டுப் பறந்துபோனது.

சாளைக்கு ஓடினேன். "அம்மாயி! ஆடுதின்னாப்பாளை! முடிதான் பூட்டு! ஈ என் நகத்து மேல..." என்று மூச்சிரைக்க அத்தனையும் கொட்டினேன். இலை, நாக்கு, குழாய், அறை, பொடி, ஒன்று விடவில்லை. அம்மாயி முழுசாகக் கேட்டாள். தலையை ஆட்டினாள். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அப்புறம் என் இடது கையைப் பார்த்தாள். பிளந்த பூ இன்னும் அதில் இருந்தது.

"வெளக்கமாறு பட்டிக்குப் பொறத்தால இருக்குது, கண்ணு."

ஆறு மணி பஸ் போனால் ஏழரைக்கு ஒரு பஸ் உண்டு. ஆட்டுப்புழுக்கையை மூலையில் குவித்துக்கொண்டிருந்தபோது அக்கா மகள் பட்டிப் படலில் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். அம்மாயி திண்ணையில் இருந்தே குரல் கொடுத்தாள், தைப்பொங்கலுக்கு வரும்போது விடையோடு வரணுமாம்:

"பூத்தாலும் பூவாட்ட இருக்கமாட்டா, பொறந்ததுலருந்தே நரைச்ச தலை. வருசமெல்லாம் வழியில கெடப்பா, ஒரு நாளு மட்டும் கூரை ஏறுவா. ரெண்டு சோட்டாளியோட."

நான் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு இட்டேரிப் பக்கம் பார்த்தேன். இருட்டிவிட்டிருந்தது.